பேர் கொடுத்தவன்

போலீஸ் கேட்டால் பேர் கொடுப்பது எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் அனுப்புவது போல ஒரு முறையாக இருந்தது. கூலிப் போராட்டக் காலம் அது. வயலில் கைகலப்பு நடந்தால் மறுநாள் ஏட்டு வந்து மாதாகோயில் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். யார் அடித்தது, யார் தடுத்தது என்றெல்லாம் கேட்கமாட்டார். இத்தனை பேர் வேண்டும் என்பார். இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டுப் போவார். அப்புறம் சங்கத்து ஆட்களும் தெருப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி வீட்டுக்கு ஒரு பேர் எழுதித் தருவார்கள். கல்யாணம் ஆகாதவன் முதலில். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆம்பிளையைத் தொடக்கூடாது. உள்ளே போனவன் வீட்டுக் களைவேலையைத் தெருவே பார்த்துக்கொள்ளும். வெளியே வந்ததும் மாலை போட்டுக் கூட்டிவருவார்கள். அதோடு அந்தக் காரியம் முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் புங்கஞ்சேரி கடைமடை ஊர். ஆற்றில் தண்ணீர் திறந்து மேலூர்களெல்லாம் நடவு முடித்த பிறகுதான் எங்களுக்கு வாய்க்காலில் ஈரம் தெரியும். கிழக்கே நடந்தால் வேளாங்கண்ணிக் கோயில் மணி காற்றில் கேட்கும்.

அந்தத் தை மாதம் பண்ணையில் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். எங்கள் தெருவும் அடுத்த தெருவும் திரண்டுபோய் வயலில் நின்றன. பேச்சு வளர்ந்தது, கழியும் அரிவாளும் வீசப்பட்டன. பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதத்துக்கு இடதுகையில் வெட்டு. நரம்பு போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். அரிவாள் என் வீட்டுக்காரர் குழந்தைராஜ் கையில் இருந்தது. வாய்க்காலில் அதைக் கழுவிக் கூரையில் செருகிவிட்டு, வந்து உட்கார்ந்தார். என் வயிற்றில் மூத்தவள் இருந்தாள்.

என் தம்பி பெரியநாயகசாமி அன்று ஊரிலேயே இல்லை. வேளாங்கண்ணியில் கொட்டகை போடக் கீற்று சுமந்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வந்தான். மறுநாள் கூட்டத்தில் அவன்தான் எழுந்து நின்றான்.

"மச்சான் பேரை எழுதாதீங்க. அக்கா இப்படி இருக்கு. அந்த வீட்டுக்கு என் பேரை எழுதுங்க."

சங்கத்து ஐயாவு தலையைச் சொறிந்தார். "நீதான் ஊர்லயே இல்லையேடா."

"ஏட்டுக்கு எண்ணிக்கைதானே வேணும்."

"நாளைக்குக் கோர்ட்ல எங்கடா இருந்தேன்னு கேட்டா?"

"கீத்து சுமந்தேன்னு கீத்தா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஐயாவு பேரை எழுதிவிட்டார்.

ஜாமீனில் எல்லோரும் வெளியே வந்தார்கள். பிறகு நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தார்கள். ஒரு நாள் வக்கீல் வரமாட்டார், ஒரு நாள் நீதிபதி வரமாட்டார். ஆடி பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்கால் பச்சை கட்டியது. வாய்தாவுக்குப் போகிற நாளெல்லாம் வேலை போனது. நடவுக் கும்பலில் நாற்று முடி சுமக்கத் தம்பியை விட்டால் ஆள் கிடையாது. அப்பா நெஞ்சுச்சளியில் படுத்திருந்தார்.

வக்கீல் குமாஸ்தா ஒருநாள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒத்துக்கிட்டா மூணு மாசம். ரிமாண்டுல இருந்ததைக் கழிச்சிடுவாங்க. தை அறுப்புக்கு வீட்ல இருப்ப. இல்லன்னா இது இன்னும் நாலு வருஷம் இழுக்கும்பா."

அவன் வீட்டுக்கு வந்து கேட்டான். "என்னக்கா, ஒத்துக்கவா?"

"பண்ணாததையா?"

"பேர் கொடுத்தாச்சுல்ல. மூணு மாசந்தானே. நடவை முடிச்சுக் கொடுத்துட்டு, அடுத்த வாய்தாவுல ஒத்துக்கிட்டு உள்ள போயிடறேன். களையெடுப்பை நீங்க பாத்துக்குங்க. அறுப்புக்கு வந்துடுவேன்."

பயிர் கணக்கில்தான் அவன் அதைக் கணக்கிட்டான். நாங்களும் அப்படித்தான் கணக்கிட்டோம். ஒரு போகத்துக்குள் முடிகிற வேலை அது என்று பட்டது. நீதிபதி கேட்டபோது ஆமாம் என்றான். திருச்சி ஜெயிலுக்குப் போனான். சொன்னபடி அறுப்புக்கு வந்தான். கதிர்க்கட்டு தூக்கினான். மற்றவர்கள் வாய்தாவுக்கு நடந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த தெரு நீலமேகம் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், "நீ பொழைச்சடா நாயகம்" என்று சொல்லிக்கொண்டு போவான்.

பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. ஊருக்கு ஊர் கொடி ஏறியது, கற்கண்டு கொடுத்தார்கள். போராட்டத்தில் போட்டு நிலுவையில் கிடந்த வழக்குகளை வாபஸ் வாங்குவதாக உத்தரவு வந்தது. எங்கள் ஊர் வழக்கும் அதில் போனது. நீலமேகமும் மற்றவர்களும் மேளம் வைத்து வந்தார்கள். தம்பி மேளத்துக்கு முன்னால் ஆடினான். முடிந்துபோன வழக்கை யாரும் வாபஸ் வாங்க முடியாது என்று அன்றைக்கு அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

காலம் போனது. பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வேலைசெய்த குடும்பத்திலிருந்து அமலோற்பவத்தைக் கட்டினான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ஒரு மட்டை கிடைத்தாலும் கீற்றாகப் பின்னிவிடுவாள். பொதுப்பணித்துறையில் வாய்க்கால் பார்க்கிற லஸ்கர் வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவனும் நீலமேகமும் தற்காலிக ஆட்களாகச் சேர்ந்தார்கள். என்.எம்.ஆர். என்பார்கள். வேலை செய்த நாளுக்குக் கூலி, அவ்வளவுதான். ஒருவரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து மதகு அவன் பொறுப்பு. விடிந்ததும் கரையில் நடந்து எலிவளை அடைப்பான். ஷட்டரில் வந்து சிக்கும் ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் இழுத்துப் போடுவான். திருகுக்கு மசகு தடவி, இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் முறை வைத்துத்தான் திறப்பார்கள். அந்த நாட்களில் அவன் வாய்க்காலில் ஒரு கழியை நட்டு அதில் வைக்கோல் பிரி கட்டிவிடுவான். பிரி நனைகிறவரை இந்த ஊருக்கு, நனைந்ததும் அடுத்த ஊருக்கு. எல்லோரும் பார்க்கிற இடத்தில் பிரி இருந்ததால் சண்டை வரவில்லை. பண்ணை வயலுக்கும் அதே பிரிதான்.

"என்னடா நாயகம், கட்சிக்காரன் வயலுக்கு ஒரு விரல் ஏத்திக் கட்டக்கூடாதா" என்று கேலி பேசுவார்கள்.

"பிரிக்குக் கட்சி கெடையாது மாமா" என்பான்.

தற்காலிக ஆட்களை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு மாசியில் செய்தி வந்தது. அமலோற்பவம் அன்று வயல்நண்டு தட்டி ரசம் வைத்தாள். எங்கள் வீட்டுக்கும் அங்கேதான் சாப்பாடு. நீலமேகமும் வந்திருந்தான். இருவருக்கும் ஒரே மாதிரி விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அதில் ஓர் இடத்தில் வந்து தம்பி நின்றுவிட்டான். 'எப்போதாவது குற்றவழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா?'

நீலமேகம் நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "நான் இல்லைன்னு எழுதிட்டேன். வக்கீல்கிட்டயே கேட்டேன். வாபஸ் ஆன கேஸு, தண்டனையே கெடையாது, தாராளமா இல்லைன்னு எழுதுன்னாரு."

"நீங்களும் இல்லைன்னு எழுதுங்க" என்றாள் அமலோற்பவம்.

"நான் ஜெயில்ல இருந்தேனே."

"யாரு பாத்தா? இருபது வருசம் ஆவப்போவுது. அந்தப் பேப்பரையெல்லாம் கரையான் தின்னிருக்கும்."

"ஸ்டேஷனுக்கு விசாரிக்க அனுப்புவாங்களாம். மறைச்சு எழுதினது தெரிஞ்சா அதுக்கே சீட்டைக் கிழிப்பாங்கன்னு ஒர்க் இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

"எழுதினா?"

"எழுதினா என்ன செய்வாங்கன்னு அவருக்கும் தெரியல."

"அப்ப எழுதினாலும் போச்சு, எழுதாட்டியும் போச்சு. எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு கேள்வி கண்டுபிடிச்சான்" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவரைப் பார்க்காமல், "மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.

அவன் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தான். எந்த வழக்கு, எத்தனை மாதம் என்றும் எழுதினான். பதினொரு வருஷமாக மதகு பார்க்கிறேன், ஒரு புகார் இல்லை என்றும் கீழே ஒரு வரி சேர்த்தான். அதற்கு விண்ணப்பத்தில் இடமில்லை, ஓரத்தில்தான் எழுத முடிந்தது.

சித்திரையில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, உன் சமாசாரத்தை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். வெட்டுப்பட்டவரே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை உதவும் என்று யாரோ சொன்னார்கள். தம்பி போகமாட்டேன் என்றான். அமலோற்பவமும் நானும் போனோம்.

பஞ்சநதம் அப்போது பண்ணையை விட்டுவிட்டார். தன் வீட்டுக் கொல்லையில் வெயிலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் உளுந்துக்கொடியை உதறிக்கொண்டிருந்தார். இடதுகை மடியில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை.

"லஸ்கர் பொஞ்சாதிதானேம்மா நீ. வா. இது யாரு, அவன் அக்காவா?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

அமலோற்பவம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மடியில் கிடந்த கையை வலதுகையால் தூக்கி முழங்காலில் வைத்தார்.

"இதைப் பாரும்மா. சோறு பிசைய வலதுகை இருக்கு, அது சரி. வேட்டி கட்ட, குளிக்க, பேரப்பிள்ளையைத் தூக்க என்ன பண்றது? எல்லாரும் மறந்துடலாம்னு வர்றீங்க. நான் எப்படி மறக்கறது?"

"மறங்கன்னு சொல்ல வரலீங்க" என்றாள் அமலோற்பவம். "அவருக்கு வேலை கெடைக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வார்த்தை."

"ஒரு அரிவாள் எடுத்தவன்கிட்ட மதகுச் சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி சர்க்கார் கேக்கத்தான் கேக்கணும். தண்ணிக்குக் கொலையே விழுற ஊரு இது. கேக்கக்கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

அவர் உளுந்தை மறுபடி உதறினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னை வெட்டினவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? உன் தம்பி அந்த வயல்லயே இல்ல. கோர்ட்ல அவன் ஆமான்னு சொன்னப்ப நான் அங்கதான் நின்னேன். எங்க முதலாளிக்கும் எண்ணிக்கைதான் வேணும்னு இருந்துச்சு. நானும் வாயைத் திறக்கல."

எனக்குக் காலடியில் மண் சுட்டது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

"இப்ப நான் எழுதினா உள்ளதைத்தான் எழுதணும். இவன் வெட்டலைன்னு எழுதினா, யாரு வெட்டினதுன்னு அடுத்த கேள்வி வரும். எழுதவா? நீ சொல்லு."

அமலோற்பவம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கல்யாணமாகி வந்தபோதே தெருவில் சொல்லியிருப்பார்கள். நான் என்ன சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். எனக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். நான் குனிந்து, காலடியில் சிதறிய உளுந்தைப் பொறுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாங்கய்யா. ஆட்சேபணை இல்லைன்னு மட்டும் எழுதுங்க."

பஞ்சநதம் பேரனைக் கூப்பிட்டு எழுதச் சொல்லி வலதுகையால் கையெழுத்துப் போட்டார். 'மேற்படியார் மதகு பார்க்கும் காலத்தில் எங்கள் பக்கத்து வயலுக்கு ஒருபோதும் தண்ணீர் குறைந்ததில்லை' என்று தானாகவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். புறப்படும்போது கொஞ்சம் உளுந்தை அமலோற்பவத்தின் முந்தானையில் கொட்டினார்.

வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. வாய்க்கால் பாலத்தில் வந்து, "வெயில்ல நடக்காதீங்க அண்ணி, நிழல்ல வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று நடந்ததை நான் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து தம்பி வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மாப்ள, நானே ஆபீசுக்கு வந்து சொல்லிடறேன்."

தம்பி மதகுச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னன்னு?"

"நாந்தான்னு."

"நான் அன்னைக்கு ஆமான்னு சொன்னதைப் பொய்யின்னு ஆக்கறதுக்கு வேற கோர்ட்டு, வேற வாய்தா. உங்களை உள்ள வெப்பாங்க. எனக்கு வேலை கொடுப்பாங்கன்னு யாரு சொன்னா? ரெண்டு வீடும் போவும். பொண்ணைக் கட்டிக்கொடுக்கற வேலையப் பாருங்க மச்சான்."

அவர் மறுபடி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவேண்டும் என்று அமலோற்பவம் கதவோரம் நின்று எதிர்பார்த்தாள். அதை நான் பார்த்தேன்.

கடிதத்தோடு தம்பி ஏ.இ.யைப் பார்க்கப் போனான். அங்கே நடந்ததை வந்து அப்படியே சொன்னான். அந்த இன்ஜினியர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"உன் வேலையில எனக்குக் குறை இல்லப்பா. ஆனா தண்டனைன்னு இருந்தா நிரந்தரம் செய்ய முடியாதுன்னு மேலேயிருந்து வந்துடுச்சு."

"வெட்டுப்பட்டவரே எழுதிக் கொடுத்திருக்காருங்க."

"அவரை யாரும் கேக்கலையேப்பா."

"எத்தனை வருசம் ஆனா அது போவுங்க?"

"எது?"

"அந்த ஆம்."

ஏ.இ. விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தாராம். "எப்போதாவதுன்னு போட்டிருக்கு. இத்தனை வருஷம்னு போடலையே" என்றாராம்.

இத்தனை நாள் வைத்திருந்ததே தவறு என்று தணிக்கையில் எழுதிவிடுவார்கள் என்பதால், தற்காலிக வேலையிலிருந்தும் அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். சாவியை நீலமேகத்திடம் கொடுக்கச் சொன்னார்கள். நீலமேகம் நிரந்தரம் ஆனான். சாவியை வாங்க வந்தபோது கண்கலங்கினான். வாங்காமல் போகவில்லை. "திருகு மூணாவது சுத்துல பிடிக்கும், அங்க கொஞ்சம் கூட மசகு போடு" என்று தம்பி சொல்லிக் கொடுத்தான்.

அதன்பிறகு அவன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினான். அதோடாவது விட்டிருந்தால் பரவாயில்லை. விசாரணைக்காக ஸ்டேஷனில் பழைய கட்டுகளைப் பிரித்தபோது அவன் பேர் மேலே வந்துவிட்டது. இருபது வருஷம் அங்கே ஒருவருக்கும் நினைவில் இல்லாத பேர். இப்போது தேர்தல் வந்தால், கூலிப் பேச்சு வந்தால், மந்திரி இந்த வழியாகப் போனால்கூட, ஏட்டு வந்து நிற்பார். "சும்மா வந்து உக்காந்துட்டுப் போ நாயகம். பேர் இருக்குல்ல" என்பார். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விடுவார்கள். அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்திருக்கவேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்துபோய்க் குழாயில் குடிக்கவேண்டும். அமலோற்பவம் தூக்கில் பழையசோறும் சென்னாக்குன்னித் துவையலும் வைத்துக் கொடுப்பாள். பொடிக் கருவாட்டு வாடை ஸ்டேஷனுக்குள் வரக்கூடாது என்று அவனை வெளியே வேப்பமரத்தடியில் போய்ச் சாப்பிடச் சொல்வார்களாம்.

"போலீஸ்காரன் மூக்கு சைவம்" என்று வந்து சொல்லிச் சிரிப்பான். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ஆட்கள் பழக்கத்தில் அவன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "எங்கிட்ட என்ன இருக்கு, நீலமேகத்தைப் போய்ப் பாருங்க" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்வான். வைக்கோல் பிரி கட்டுவதை நீலமேகம் விட்டுவிட்டான். ஒரு புரட்டாசியில் மேலூர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் மதகில் மண்டை உடைந்தது. அன்றைக்கும் தம்பியைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். குழியில் தண்ணீர் ஊற ஊற இறைத்துத்தான் பெட்டியை இறக்கினார்கள். இறைத்தவர்களில் என் வீட்டுக்காரர் கடைசிவரை வாளியை யாரிடமும் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த தேர்தலுக்குப் புதிதாக வந்த ஒரு போலீஸ்காரர் தம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மீசை சரியாக முளைக்காத முகம். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தோம். அமலோற்பவம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியநாயகசாமி இருக்காருங்களா?"

"கல்லறையில இருக்காரு. போயி கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள், முறத்தை நிறுத்தாமல்.

அந்தப் பையனுக்கு முகம் சுருங்கியது. "எனக்குப் பேர் கொடுத்து அனுப்பியிருக்காங்கம்மா. ஆளைக் கொண்டுவரணும், இல்லன்னா இறப்புச் சான்று வேணும்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"வாங்க தம்பி. நான் வரேன்."

"நீங்க யாரு?"

"அந்தக் கேஸ்ல அரிவாளால வெட்டினவன்."

முறம் நின்றது. நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து போனார்.

மத்தியானத்துக்குள் திரும்பி நடந்தே வந்தார். நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் வந்தார். சட்டையைக் கழற்றாமல் தூணோரம் உட்கார்ந்தார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் தேடிப் பார்த்தாங்க. என் பேர்ல ஒண்ணும் இல்லையாம். வயசான காலத்துல எதையாவது சொல்லிட்டுத் திரியாதீங்க பெரியவரே, வீட்டுக்குப் போங்கன்னாரு எஸ்.ஐ."

முறத்தில் இருந்த உளுந்தை அமலோற்பவம் விரலால் கலைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஒண்ணும் வேணாம்மா. நாற்காலியில உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தாங்க."

"அவருக்கு ஒரு நாளும் கொடுத்ததில்ல" என்றாள் அவள்.